மருத்துவம் படிக்க விரும்புவோர் எந்தப் பாடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும்?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கேள்வி எழுகிறது. "பிளஸ் ஒன்னில் எந்தக் குரூப் எடுக்கப் போகிறாய்?" கடலூர் மாவட்டத்து விருத்தாசலத்திலும் இதே கேள்விதான். பீங்கான் பொம்மைகளும் அகல்விளக்குகளும் மின்காப்புப் பொருட்களும் உருவாகும் ஊர் அது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகச் சுரங்கம் தோண்டியபோது வெள்ளைக் களிமண்ணும் கிடைத்தது. அம்மண்ணை நம்பி விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் கல்லூரியும் வளர்ந்தன. அங்குள்ள மாணவர் ஒருவர் மருத்துவராக விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். கணிதத்தோடு உயிரியல் படிக்கும் பிரிவில் சேர்வதா, கணிதத்தை விட்டுத் தாவரவியலும் விலங்கியலும் படிக்கும் பிரிவில் சேர்வதா? பதினைந்து வயதில் எடுக்கும் இந்த முடிவு பிற்காலத்தில் சில கதவுகளைத் திறக்கும், சிலவற்றை மூடிவிடும். ஆகவே சற்று நிதானமாக ஆராய்வோம்.

பிற நாடுகளில் எப்படி?

அமெரிக்காவில் பள்ளிப் படிப்பு முடிந்தவுடன் பெரும்பாலோர் மருத்துவக் கல்லூரியில் சேர முடியாது. முதலில் நான்காண்டுப் பட்டப்படிப்பை முடிக்க வேண்டும். வரலாறோ இசையோ எதை வேண்டுமானாலும் முதன்மைப் பாடமாகக் கொள்ளலாம். ஆனால் உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் ஆகியவற்றை ஆய்வுக்கூடப் பயிற்சியோடு படித்திருக்க வேண்டும் என்று பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் எதிர்பார்க்கின்றன. இதற்கு 'முன்மருத்துவப் படிப்பு' என்று பெயர்.

இந்த ஏற்பாடு வலுப்பெற ஒரு காரணம் உண்டு. 1910ஆம் ஆண்டில் ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் என்ற கல்வியாளர் அமெரிக்க, கனடிய மருத்துவக் கல்லூரிகளை நேரில் கண்டு ஓர் அறிக்கை வெளியிட்டார். அறிவியல் அடிப்படை ஏதுமின்றி மாணவரைச் சேர்த்துக்கொண்ட கல்லூரிகள் பல இருந்ததை அவ்வறிக்கை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. வேதியியல், உயிரியல், இயற்பியல் மூன்றும் மருத்துவக் கல்விக்கு அடித்தளம் என்று அவர் வலியுறுத்தினார். நூறாண்டுகளுக்கு மேல் கடந்தும் அந்த மூன்று பாடங்களே இன்றும் நிலைத்திருக்கின்றன.

நம் நாட்டிலும் ஒரு காலத்தில் கல்லூரியில் சில காலம் படித்த பிறகே மருத்துவக் கல்லூரியில் நுழைய முடிந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் படித்த பின்னர் 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் பட்டம் பெற்றார். பின்னாளில் இன்டர்மீடியட்டும் அதன் பிறகு பி.யு.சி. என்ற புகுமுக வகுப்பும் வாயிற்படிகளாக விளங்கின. 1978இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி தொடங்கியதும் அந்தப் படி பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டது. அதாவது, அமெரிக்க மாணவர் பல்கலைக்கழகத்தின் முதலாண்டில் தொடங்கும் வேலையை நம் மாணவர் பதினோராம் வகுப்பிலேயே தொடங்குகிறார். முன்மருத்துவப் படிப்பு நமக்குப் பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்புகளே.

நுழைவு முறையும் பலமுறை மாறியிருக்கிறது. 1984 முதல் மாநில அளவில் நுழைவுத் தேர்வு நடந்தது. 2007ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து அது நீக்கப்பட்டு, பிளஸ் டூ மதிப்பெண்களே போதும் என்றாயிற்று. 2017 முதல் 'நீட்' என்ற தேசிய நுழைவுத் தேர்வு நடைமுறையில் உள்ளது. தேர்வு முறை மாறினாலும் மூன்று அடிப்படைப் பாடங்கள் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள்.

விதி என்ன சொல்கிறது?

எம்.பி.பி.எஸ். படிப்புக்குத் தகுதி பெற, பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் அல்லது உயிரித் தொழில்நுட்பம், ஆங்கிலம் ஆகிய ஒவ்வொன்றிலும் தேர்ச்சி பெற வேண்டும். அறிவியல் பாடங்கள் மூன்றிலும் சேர்த்துப் பொதுப் பிரிவினர் 50 சதவீதமும், பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் வகுப்பினர், பழங்குடியினர் 40 சதவீதமும் பெற்றிருக்க வேண்டும். சேரும் ஆண்டின் டிசம்பர் 31ஆம் தேதிக்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். கணிதம் கட்டாயமன்று; கணித மதிப்பெண் இத்தகுதிக் கணக்கில் வருவதுமில்லை.

உயிரியல் இல்லாத பிரிவில் படித்தவர்கள் முன்பு முற்றிலும் வெளியே நின்றார்கள். 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம், பிளஸ் டூவுக்குப் பிறகு உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேர்ச்சி பெற்றவர்களும் தகுதியுடையவர்களே என்று அறிவித்தது. ஆயினும் இதை நம்பி உயிரியலை விட்டுவிடுவது சுற்றுவழி. மருத்துவமே நோக்கம் என்றால் முதலிலேயே உயிரியல் உள்ள பிரிவில் சேருங்கள்.

2025ஆம் ஆண்டு நீட் தேர்வில் 180 வினாக்கள் கேட்கப்பட்டன. இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90. சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழிவு. மொத்தம் 720. நேரம் 180 நிமிடம். அதாவது வினாவுக்கு ஒரு நிமிடம். தமிழிலும் தேர்வெழுதலாம். இந்த எண்களிலிருந்து ஓர் உண்மை தெரிகிறது. மொத்த மதிப்பெண்ணில் சரிபாதி உயிரியலுக்கு வெளியே இருக்கிறது. 'உயிரியல் மட்டும் நன்றாகத் தெரிந்தால் டாக்டராகிவிடலாம்' என்ற எண்ணத்துக்கு இங்கே இடமில்லை.

பீங்கான் சூளையில் ஒரு மருத்துவப் பாடம்

"மருத்துவருக்கு இயற்பியலும் வேதியியலும் எதற்கு? மனப்பாடம் செய்து தேர்வு எழுதிவிட்டு மறந்துவிடலாமே!" என்று சிலர் கேட்பதுண்டு. இதற்கு விடை காண விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைக்குள் ஒருமுறை எட்டிப் பார்ப்போம்.

பொம்மை செய்யும் அச்சு எதனால் ஆனது? பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். ஜிப்சம் என்ற கனிமத்தைச் சுமார் 150 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வறுத்தால் அதிலுள்ள நீரில் முக்கால் பங்கு வெளியேறிவிடும். எஞ்சும் வெண்பொடியே இது. மீண்டும் தண்ணீர் சேர்த்தால் இழந்த நீரை ஏற்றுக்கொண்டு, சூட்டை வெளியிட்டபடி இறுகிக் கல்லாகிறது. எலும்பு முறிந்தவருக்கு மருத்துவர் போடும் மாவுக்கட்டும் இதே பொடிதான். கட்டுப் போட்ட சில நிமிடங்களில் நோயாளிக்குச் சூடு தெரிவது ஏன் என்பது இப்போது விளங்குகிறதல்லவா? கட்டு கனமாக இருந்தாலோ, நனைக்கும் நீர் சூடாக இருந்தாலோ தோல் வெந்துவிடவும் கூடும். வேதியியல் அறிந்தவர் அதை முன்கூட்டியே தவிர்ப்பார்.

அடுத்து, அச்சில் ஊற்றும் களிமண் கூழைப் பாருங்கள். வெறும் தண்ணீரில் களிமண்ணைக் கரைத்தால் கூழ் கெட்டியாக இருக்கும். சிறிதளவு சோடியம் சிலிகேட் சேர்த்தால், கூடுதல் தண்ணீர் இல்லாமலே கூழ் நெகிழ்ந்து ஓடத் தொடங்கும். காரணம், களிமண் துகள்களின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் ஓங்கி, அவை ஒன்றையொன்று விலக்குகின்றன. நம் இரத்தத்திலும் இதே கதைதான். சிவப்பணுக்களின் மேற்பரப்பிலும் எதிர்மின்னூட்டம் உண்டு; அதனால் அவை ஒட்டாமல் மிதக்கின்றன. உடலில் அழற்சி ஏற்படும்போது ஃபைப்ரினோஜன் போன்ற புரதங்கள் இரத்தத்தில் மிகுந்து, இந்த விலக்கத்தைக் குறைக்கின்றன. சிவப்பணுக்கள் காசுகளை அடுக்கியதுபோல் ஒட்டிக்கொண்டு விரைவாகப் படிகின்றன. ஆய்வுக்கூடத்தில் 'ஈ.எஸ்.ஆர்.' என்று அளப்பது இந்தப் படிவு வேகத்தைத்தான். பிளஸ் டூ வேதியியலில் கூழ்மங்கள் பற்றிய பாடத்தைப் புரிந்து படித்தவருக்கு இச்சோதனை ஒரு புதிர் அன்று.

மூன்றாவது எடுத்துக்காட்டு கசப்பானது. பீங்கான் கலவையில் குவார்ட்ஸ் என்னும் சிலிக்கா சேர்க்கப்படுகிறது. அரைக்கும்போதும் காய்ந்த பொருளைத் தேய்க்கும்போதும் தூசு பறக்கிறது. பெரிய துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். சுமார் 5 மைக்ரானுக்கும் குறைந்த நுண்துகள்களோ நுரையீரலின் காற்றுச் சிற்றறை வரை செல்லும். அங்கே காவல் காக்கும் விழுங்கணுக்கள் அவற்றை விழுங்குகின்றன. ஆனால் செரிக்க இயலாமல் தாமே மடிகின்றன. மடிந்த இடத்தில் தழும்புத் திசு வளர்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல நுரையீரல் விறைத்து மூச்சு வாங்குகிறது. இதுவே 'சிலிக்கோசிஸ்'. காசநோயும் இவர்களை எளிதில் பற்றும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இதை அறிவிக்கப்பட வேண்டிய தொழில்நோய்களில் ஒன்றாகச் சேர்த்திருந்தது.

இந்நோயைப் புரிந்துகொள்ள எத்தனை பாடங்கள் தேவை என்று எண்ணிப் பாருங்கள். துகள் எங்கே படியும் என்பது இயற்பியல். சிலிக்கா ஏன் கரைவதில்லை என்பது வேதியியல். விழுங்கணு எப்படி வேலை செய்கிறது என்பது உயிரியல். இருமலோடு வரும் தொழிலாளியிடம் "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்கத் தோன்றும் மருத்துவர், மூன்றையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவர். பீங்கான் நகரத்து மாணவர் ஒருவர் மருத்துவரானால் அந்தக் கேள்வியை மற்றவர்களைவிட முன்னதாகவே கேட்பார் என்று நாம் எதிர்பார்க்கலாம்.

பீங்கான் நோயைத் தருவதோடு நின்றுவிடவில்லை. 1970இல் பிரெஞ்சு மருத்துவர் பியர் பூத்தான், அலுமினா என்ற பீங்கானாலான செயற்கை இடுப்பு மூட்டை நோயாளிக்குப் பொருத்தினார். இன்று பற்களுக்கு உறையிட சிர்க்கோனியா பயன்படுகிறது. நம் எலும்பின் கனிமப் பகுதியே கால்சியம் பாஸ்பேட் வகையைச் சேர்ந்த ஒரு படிகப் பொருள்தான்.

கணிதம் வேண்டுமா?

விதிப்படி வேண்டியதில்லை என்று கண்டோம். ஆனால் 'கணக்கு வராது, அதனால் தூய அறிவியல் பிரிவு எடுக்கிறேன்' என்பவர் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். இயற்பியலிலும் வேதியியலிலும் அதே கணக்கு மறுபடி வந்து நிற்கும். திசையன், மடக்கை, முக்கோணவியல், எளிய வகைக்கெழு ஆகியவை இன்றி பதினோராம் வகுப்பு இயற்பியலைக் கடக்க முடியாது. கணிதப் பிரிவு மாணவருக்கு அவற்றைக் கணித ஆசிரியர் விரிவாகக் கற்பிப்பார். மற்றவர்கள் தாமாக முயன்று கற்க வேண்டும்.

மருத்துவத்துக்குள் சென்ற பிறகும் கணக்கு தொடரும். சில எடுத்துக்காட்டுகள் பாருங்கள்.

இரத்தத்தின் பி.எச். அளவு இயல்பாக 7.35 முதல் 7.45 வரை இருக்கும். 7.4 ஆக இருந்தது 7.1 ஆகக் குறைந்தால் '0.3 தானே' என்று தோன்றும். இது மடக்கை அளவு. எனவே ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு இருமடங்காகிவிட்டது என்று பொருள்; நோயாளி ஆபத்தில் இருக்கிறார்.

ஒரு குழாயில் சீராக ஓடும் திரவத்தின் ஓட்டம், அழுத்தம் மாறாதிருக்கும்போது, ஆரத்தின் நான்காம் படியைப் பொறுத்தது. இரத்தக் குழாயின் ஆரம் பாதியானால் ஓட்டம் பாதியாகாது. பதினாறில் ஒரு பங்காகிவிடும்.

1,000 பேரில் 10 பேருக்கு ஒரு நோய் இருப்பதாகக் கொள்வோம். ஒரு சோதனை நோயுள்ளவர்களில் 90 சதவீதத்தினரைச் சரியாகக் காட்டும். நோயற்றவர்களில் 10 சதவீதத்தினரைத் தவறாக 'நோய் உண்டு' என்று காட்டும். அப்படியானால் உண்மை நோயாளிகள் 9 பேரும், நோயற்ற 99 பேரும் ஆக 108 பேருக்கு 'உண்டு' என்று வரும். அவர்களில் உண்மையில் நோயுள்ளவர் பன்னிரண்டில் ஒருவரே! இக்கணக்கு தெரியாத மருத்துவர் பதினொரு பேரை வீணாகக் கலங்கச் செய்வார்.

எம்.பி.பி.எஸ். முதலாண்டில் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் ஆகியவை முக்கியப் பாடங்கள். அங்கே இயற்பியலையோ கணிதத்தையோ தனிப் பாடமாகக் கற்பிப்பதில்லை. நீங்கள் பள்ளியில் கற்றிருப்பீர்கள் என்றே வைத்துக்கொள்கிறார்கள்.

இரு பிரிவுகள்: எதைத் தேர்ந்தெடுப்பது?

தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் முதல் பிரிவு இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் ஆகியவற்றைக் கொண்டது. இதில் உயிரியல் என்பது தாவரவியலும் விலங்கியலும் சேர்ந்த ஒரே பாடம். மற்றொரு பிரிவில் கணிதம் இல்லை. தாவரவியலும் விலங்கியலும் தனித்தனிப் பாடங்கள். முன்னதில் சுமை மிகுதி, வழிகளும் மிகுதி. பின்னதில் உயிரியலுக்கு நேரம் மிகுதி. பொறியியல் வழி அடைபடும். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200க்குக் கணக்கிடுகிறார்கள்.

முடிவெடுக்கும் முன் மூன்று காரியங்களைச் செய்து பாருங்கள். முதலாவது, பதினோராம் வகுப்பு இயற்பியல் நூலின் முதல் இரண்டு பாடங்களையும், உயிரியல் நூலின் இரண்டு பாடங்களையும் விடுமுறையில் படித்துப் பாருங்கள். பாடநூல்களை முன்சென்ற மாணவரிடம் இரவல் வாங்கலாம். எது சிரமப்பட்டாலும் படிக்கத் தூண்டுகிறது, எது அலுப்பூட்டுகிறது என்பது தெரியும். இரண்டாவது, நீங்கள் சேரப்போகும் பள்ளியில் எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறார், ஆய்வுக்கூடம் நடக்கிறதா என்று விசாரியுங்கள். ஆசிரியர் இல்லாத நல்ல பிரிவைவிட ஆசிரியர் உள்ள அடுத்த பிரிவு மேலானது. மூன்றாவது, மருத்துவம் கிடைக்காவிட்டால் என்ன செய்வோம் என்பதைத் தாளில் எழுதுங்கள்.

பத்தாம் வகுப்புக் கணிதத்தில் ஓரளவேனும் தேறியவர்கள் கணிதத்தோடு கூடிய பிரிவில் சேர்வது நன்று என்பதே என் கருத்து. கணிதத்தில் உண்மையாகவே தடுமாறுபவர், நான்கு பாடங்களிலும் பின்தங்குவதைவிடத் தூய அறிவியல் பிரிவில் சேர்ந்து, இயற்பியலுக்குத் தேவையான கணக்கை மட்டும் நாள்தோறும் அரை மணி பழகுவது பயன் தரும்.

இடம் கிடைக்காவிட்டால்?

இந்தக் கேள்வியை அபசகுனம் என்று ஒதுக்காதீர்கள். 2025இல் நீட் தேர்வுக்கு நாடு முழுவதும் 22 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். எம்.பி.பி.எஸ். இடங்களோ ஏறத்தாழ 1,20,000. அதாவது சுமார் பதினெட்டுப் பேருக்கு ஓர் இடம். மற்ற பதினேழு பேரும் அறிவற்றவர்கள் அல்லர்.

வாய்ப்புகள் முன்பைவிட விரிந்திருக்கின்றன என்பதும் உண்மை. 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து நீட் தேர்வில் தகுதி பெறுவோருக்கு, தமிழ்நாட்டில் 2020ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு. 2022 ஜனவரியில் அரியலூர், கள்ளக்குறிச்சி உட்பட 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. சிதம்பரத்தில் 1985இல் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியும் கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரியாகியுள்ளது. விருத்தாசலத்து மாணவருக்கு இவை அருகிலுள்ள ஊர்கள்.

இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்தவருக்கு வேறு பாதைகளும் உள்ளன. கால்நடை மருத்துவம், வேளாண்மை ஆகிய படிப்புகளுக்குத் தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் சேர்க்கை நடக்கிறது. மருந்தியல், செவிலியம், உயிர்வேதியியல் முதலியனவும் உண்டு. சித்த மருத்துவத்துக்கு நீட் தேவை. கணிதமும் சேர்த்துப் படித்தவர், பொருளறிவியலோ பீங்கான் தொழில்நுட்பமோ கற்று, செயற்கை மூட்டுகளையும் பற்களையும் ஆராயலாம்.

மறுமுறை நீட் எழுத விரும்புவோர் வீட்டில் சும்மா இருக்காமல், பி.எஸ்ஸி. முதலாண்டில் சேர்ந்துகொண்டே முயல்வதும் உண்டு. அப்படிச் சேரும்போது வேதியியல், விலங்கியல், உயிர்வேதியியல் போன்ற ஒன்றை, அதுவே வாழ்க்கைத் தொழிலானாலும் மகிழ்வேன் என்ற எண்ணத்தோடு தேர்ந்தெடுங்கள். காத்திருப்பு அறையாக எண்ணிச் சேர்ந்த படிப்பு இரண்டு பக்கமும் இழப்பாக முடியும்.

தமிழ்வழி மாணவருக்கு ஒரு சொல். எம்.பி.பி.எஸ். வகுப்புகள் ஆங்கிலத்தில் நடக்கின்றன. பொருளைத் தமிழில் தெளிவாகப் புரிந்துகொண்டவர் சொல்லை மாற்றிக்கொள்ளச் சில மாதங்கள் போதும். பொருள் புரியாமல் ஆங்கிலச் சொல்லை மனப்பாடம் செய்தவருக்கோ அது என்றும் விளங்காது. இப்போதிருந்தே ஒரு குறிப்பேட்டில் இடப்பக்கம் தமிழ்ச் சொல்லும் வலப்பக்கம் ஆங்கிலச் சொல்லுமாக நாளுக்கு ஐந்து எழுதிவாருங்கள். இரண்டாண்டில் மூவாயிரம் சொற்களுக்கு மேல் சேர்ந்துவிடும்.

ஆகவே, மாணவ நண்பர்களே, பாடப் பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போது உறவினரின் மதிப்பையோ நண்பரின் கூட்டையோ அளவுகோலாகக் கொள்ளாதீர்கள். உயிரியலை விடாதீர்கள். இயற்பியலுக்கு அஞ்சாதீர்கள். முடியுமானால் கணிதத்தையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். சேர்க்கைக்கான விண்ணப்பத்தை நிரப்பும் முன் ஒருநாள் மாலை பெற்றோருடன் அமர்ந்து, மேலே சொன்ன மூன்று காரியங்களின் விடைகளை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். அதன் பிறகு எடுக்கும் முடிவு எதுவானாலும் அது உங்களுடைய முடிவாக இருக்கும்.